யாரும் மெல்லாத பேரீச்சம்பழம்

என் நோயைக் குறித்துக் காயல்பட்டினத்தில் பல கதைகள் உலவின. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். புற்றுநோயை வீட்டார் மறைக்கிறார்கள் என்றார்கள். சொத்துப் பாகத்தில் ஏதோ சிக்கல், அதனால்தான் பார்க்க வந்தவர்களை உள்ளே விடவில்லை என்று ஒரு தெருவில் பேசிக்கொண்டதாகவும் என் மனைவி ஆமினாவின் காதுக்கு வந்தது. எல்லாமே பொய். பொய்யை மறுக்க உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு கௌரவமான வழி உண்டா என்று வெகுநாள் யோசித்தேன். இல்லை. ஆகவே எழுதுகிறேன். இரக்கத்தை வேண்டி எழுதவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் வேதியியல் பட்டதாரி. தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பலில் வந்திறங்கும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் நிறுவனத்தை நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் வழக்கப்படி மணமான ஆண் மனைவியின் வீட்டில்தான் வாழ்வான். ஆமினாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நான், காலப்போக்கில் அந்த வீட்டுக்கும் தெருவுக்கும் பெரியவன் ஆனேன். அந்த இடத்தை எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஒழுங்காலும் சொல் தவறாமையாலும் பெற்றது.

அந்த இடத்திற்கு ஓர் அடையாளம் உண்டு. குழந்தை பிறந்தால், தாய்ப்பாலுக்கு முன்போ அதை ஒட்டியோ, குடும்பம் மதிக்கும் பெரியவர் ஒருவர் பேரீச்சம்பழத்தை மென்று, அந்தச் சாற்றைத் தம் விரலால் தொட்டுக் குழந்தையின் மேலண்ணத்தில் தடவுவார். இனிப்பு வைத்தல் என்போம். வைத்தவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது பெண்களின் நம்பிக்கை. அதன் பிறகு அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் அனைவருக்கும் நான்தான் வைத்திருக்கிறேன். என் பேத்தி சுமையாவுக்கும் நானே. நான் நோயில் விழுந்தபோது அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

இனி அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் ஆண்கள் ஊருக்கு வரும்போது பால்மாவு, அத்தர், தைலம் இவற்றோடு மாத்திரை அட்டைகளும் கொண்டுவருவது எங்கள் ஊரில் சாதாரணம். தாம் வராவிட்டாலும், வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். தம்மாமில் இருக்கும் என் மகன் ஜமால் அவ்வாறு அனுப்பியவையெல்லாம் எங்கள் வீட்டு அலமாரியில் நீல நிற பிஸ்கட் டப்பா ஒன்றில் இருந்தன. மற்ற வீட்டு டப்பாக்களுக்கும் இதற்கும் இருந்த வேறுபாடு, இது ஒழுங்காக இருந்தது என்பதே. எது தொண்டைக்கு, எது நெஞ்சுச் சளிக்கு, எது நீர்க்கடுப்புக்கு என்று என் கையெழுத்தில் துண்டுத் தாள் ஒட்டியிருந்தேன். ஐந்து நாளைக்கான மருந்தில் இரண்டாம் நாளே குணம் தெரிந்தால் மீதியை டப்பாவிலேயே வைத்துவிடுவோம். வீண்விரயம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. நல்ல மருந்தைத் தேவையின்றி விழுங்குவதும் விரயம், குப்பையில் எறிவதும் விரயம். இன்னொருவருக்கு உதவட்டும் என்பது என் கொள்கை. பெண்கள் வீட்டின் பின்புற முடுக்குச் சந்து வழியாக வந்து வாசலில் நின்று கேட்பார்கள்.

“மாமா, புள்ளைக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. அந்த செவப்பும் வெள்ளையுமா ஒரு குளிசை குடுப்பியளே, அது ஈக்கா?”

இருக்கும். எடுத்துக் கொடுப்பேன். அதற்காக எவரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை.

எனக்கு நீர்க்கடுப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் டப்பா உதவியது. பிறகு உதவக் கொஞ்சம் தாமதித்தது. பிறகு வேறு அட்டைக்கு மாறினேன். இதில் விபரீதம் எதையும் நான் காணவில்லை.

ஒருநாள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவின் கூட்டத்தில், தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது குளிர் வந்தது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியும் பற்கள் ஒன்றோடொன்று மோதின. தாளைப் பிடித்திருந்த கை ஆடியதால் எழுத்தும் ஆடியது. என் மனைவியின் தம்பி செய்யிது அருகில் அமர்ந்திருந்தான். அத்தர்க் கடை வைத்திருப்பவன். எந்த இடத்திலும் வாயை அடக்கத் தெரியாதவன்.

“மச்சான், பல்லு தாளம் போடுது. தீர்மானத்த நாளைக்கி வாசிச்சா அது என்ன ஓடியா போவும்?”

தீர்மானத்தை முடித்தேன். கையொப்பமும் இட்டேன். அதன் பிறகு எழுந்திருக்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செய்யிதுவும் இன்னொருவரும் என்னை நாற்காலியோடு தூக்கிக் காரில் வைத்ததைக் குழுவினர் அனைவரும் பார்த்தார்கள்.

தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவில் காத்திருந்த நேரத்தை விவரிக்க எனக்குச் சொற்கள் இல்லை. ஒரு திரைக்கு அப்பால் யாரோ வாந்தியெடுத்தார், ஒரு தாய் கைபேசியில் யாரையோ திட்டினாள், என் கட்டிலின் சக்கரம் ஒன்று தரையில் படாமல் ஆடிக்கொண்டே இருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்றார்கள். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டால் உடல் முழுவதும் அதை எதிர்த்துக் கொந்தளிக்கும், அந்தக் கொந்தளிப்பே உறுப்புகளைக் கெடுக்கும், அதற்குச் செப்சிஸ் என்று பெயர். இதை எனக்கு விளக்கியவர் டாக்டர் ரெஜினா. பெரியதாழைக்காரர், கடற்கரைக் கிராமத்திலிருந்து படித்து வந்தவர். என் மகளைவிட இளையவர். தோரணை எதுவும் இல்லாமல் கட்டிலின் ஓரத்தில் கையூன்றிப் பேசினார்.

ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலுள்ள கிருமியை ஊட்டமுள்ள தட்டில் வளர்த்து, அதன்மேல் மருந்து தோய்த்த சிறிய காகித வில்லைகளை வைப்பார்கள். எந்த மருந்து கிருமியைக் கொல்கிறதோ, அந்த வில்லையைச் சுற்றி வெறுமையான ஒரு வட்டம் விழும். இதைக் கல்லூரி நாட்களிலேயே படித்திருக்கிறேன். முடிவு வருவதற்குச் சில நாட்கள் ஆகும். அதுவரை ஊகத்தில் ஒரு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. இறங்குவதுபோல் பாவனை செய்து மீண்டும் ஏறியது. எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. வலப்புறம் திரும்பினால் ஊசி இழுத்தது, இடப்புறம் திரும்பினால் சிறுநீர்க் குழாய் இழுத்தது. நேராகப் படுத்தால் எண்ணங்கள்.

முடிவு வந்த அன்று டாக்டர் ரெஜினா தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வட்டமான தட்டு. அதில் வெள்ளை வில்லைகள். கிருமி, நன்றாக விளைந்த நாற்றங்கால்போல, ஒவ்வொரு வில்லையின் ஓரம்வரை வளர்ந்து நின்றது.

“ஒன்றைச் சுற்றியும் இடைவெளி இல்லையே” என்றேன்.

“அதான் ஐயா பிரச்சினை.”

“வில்லையில் மருந்து தோய்க்க மறந்திருப்பார்கள். மறுபடி செய்யச் சொல்லுங்கள்.”

“ரெண்டு தடவ செஞ்சாச்சு.” கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டார். “மருந்து நல்ல மருந்துதான். கிருமிக்குத்தான் அது பழகிப்போச்சு. ஆன்டிபயாடிக் எதிர்ப்புன்னு பேப்பர்ல படிச்சிருப்பிய. இந்த ஒரு வருஷத்துல என்னென்ன மாத்திர சாப்பிட்டிய, ஐயா?”

முறையான மருந்துகளையே சாப்பிட்டதாகச் சொன்னேன். பெயர்களையும் சொன்னேன். பெயர்கள் எனக்கு மனப்பாடம்.

“எத்தன நாளு?”

“தேவைப்பட்ட நாள்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பாதியில் நிறுத்தும்போது பலமில்லாத கிருமிகள் செத்துவிடும், தப்பியவை தங்கிப் பெருகும், அடுத்த முறை அதே மருந்து வந்தால் அவற்றுக்கு அது விருந்தாளி மாதிரி என்றார். ஆமினா கதவோரம் நின்றிருந்தாள். டப்பாவைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டாக்டரே நிதானமாகத் தொடர்ந்தார்.

“நீங்க சாப்பிட்டதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். தண்ணில இருந்து வந்திருக்கலாம், வேற ஆஸ்பத்திரில இருந்து வந்திருக்கலாம். எப்ப உங்க வயித்துல குடியேறுச்சுன்னு ஆராலயும் சொல்ல முடியாது. இப்ப இது எல்லா தேசத்துலயும் இருக்கு, ஐயா. என்கூடப் படிச்ச பிள்ள லண்டன்ல வேல பாக்கா. வெளிநாட்டு ஆஸ்பத்திரில படுத்துட்டு வந்தவங்கள, சோதிச்சுப் பாக்கிற வரைக்கும் தனி ரூம்லதான் வைப்பாங்களாம்.”

காரணம் தெரியாது என்ற பதில் எனக்கு நிம்மதி தந்திருக்க வேண்டும். தரவில்லை. எந்த நாட்டிலிருந்து புறப்பட்டது, எந்தத் துறைமுகத்தில் ஏறியது, யார் பொறுப்பு என்று கேட்டே பழகிய தொழில் என்னுடையது. அனுப்புநர் பெயரே இல்லாத ஒரு சரக்கு என் உடலில் இறங்கியிருந்தது.

அன்று மாலை என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். கதவில் மஞ்சள் நிறத் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. உள்ளே வருவோர் மேலங்கியும் கையுறையும் அணிய வேண்டும், வெளியேறும்போது அவற்றைக் கழற்றிப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று அதில் இருந்தது. என் தொழிலில் மஞ்சளுக்கு ஒரு பொருள் உண்டு. சுகாதார அனுமதி கிடைக்கும்வரை கப்பல்கள் மஞ்சள் கொடியேற்றித் துறைக்கு வெளியே நிற்கும். மேல்மாடி ஜன்னலிலிருந்து, தொலைவில் அவ்வாறு காத்திருக்கும் கப்பல்கள் தெரிந்தன. எத்தனையோ கப்பல்களை உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். அவற்றில் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது எங்களுக்குக் கடமை. ஊரார் வேன் பிடித்து வந்தார்கள். செவிலியர் ஒருவர், உடன்குடிப் பக்கத்துப் பெண், குழாயைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

“தாத்தா, கீழ உங்க ஊரே வந்து நிக்கி. ஒரு கல்யாணத்துக்கு ஆளு தேறும்.”

“தாத்தா என்று சொல்ல வேண்டாம். ஐயா என்று சொல்லலாம்.”

“சரிங்க ஐயா தாத்தா.”

ஒருவரையும் மேலே விடவில்லை. செய்யிது வாசலில் நின்று வரவேற்று, நலம் சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினான். நீர்க்கடுப்பு என்று மட்டும் சொல்லும்படி அவனுக்கு உத்தரவிட்டிருந்தேன். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி என்று சொன்னால், அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் என் அருகில் தொழ நிற்பவன் தோளைச் சற்று விலக்கிக்கொள்வான். இது என் கற்பனை அல்ல. தொற்றுநோய்க் காலத்தில் ஊர் எப்படி நடந்துகொண்டது என்பதைக் கண்டவன் நான். செய்யிதுவுக்கே முழு உண்மையைச் சொல்லவில்லை. ஆமினாவுக்கும் டாக்டருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். நீர்க்கடுப்புக்கு எதற்குக் கதவில் காவல் என்று ஊர் தன் பங்குக்கு யோசித்தது. நான் தொடக்கத்தில் சொன்ன கதைகள் பிறந்தது அவ்வாறுதான்.

ஒருநாள் செய்யிது, மேலங்கியின் கயிற்றைக் கட்டத் தெரியாமல் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, ஒரு சிறிய பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

“மச்சான், அரபிமாருக்குக் குடுக்கிற குளிசையாம். உங்க மவன் ஏர்போர்ட்ல நின்னு ஆள் புடிச்சுக் குடுத்து விட்டிருக்கான். இங்க உள்ள டாக்டருமாரு இத கண்ணால கண்டிருக்க மாட்டாஹ.”

அப்போது டாக்டர் ரெஜினா வந்தார். அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டில் இருந்த வெள்ளை வில்லைகளில் இதுவும் ஒன்று. அவர் அதைச் செய்யிதுவின் முன்னால் சொல்லவில்லை. “நான் வச்சிருக்கேன்” என்று மட்டும் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பண்பை நான் மறக்க மாட்டேன்.

மாலையில் ஜமால் பேசினான்.

“மருந்து கிடைச்சுதா வாப்பா?”

“கிடைச்சுது.”

“வேல செய்யுதா?”

“செய்யுது.”

அவன் அழுதான் என்று நினைக்கிறேன். ஆண்பிள்ளை என்பதால் நான் அதைக் கேட்காததுபோல் இருந்தேன்.

எனக்குச் செலுத்தப்பட்டது அந்தத் தட்டில் இல்லாத வேறு மருந்து. கொலிஸ்டின் என்று பெயர். மிகப் பழையது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவ உலகம் ஒதுக்கி வைத்திருந்ததை, புதியவை தோற்றுப்போனதால் மீண்டும் எடுத்திருக்கிறார்கள். கிருமியைக் கொல்கிறதா என்பதோடு என்னைக் கொல்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக அன்றாடம் ரத்தம் எடுத்துக் கிரியாட்டினின் பார்த்தார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு எவ்வளவு உடலிலேயே தேங்குகிறது என்பதைக் காட்டும் அளவு அது. அது ஏறியது. நின்றது. மீண்டும் சற்று ஏறியது. இதுவும் கைவிட்டால் அடுத்து என்ன என்று கேட்டேன். டாக்டர் சொட்டு விழுவதைச் சரிபார்த்தார். “அத அப்ப பாப்போம்” என்றார். அடுத்தது எதுவும் இல்லை என்பதை இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடியும் என்று அன்று அறிந்தேன்.

அச்சத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி எழுதுகிறேன். மரணத்தை நான் அவ்வளவாக அஞ்சவில்லை. என் உடலைக் குளிப்பாட்ட வருகிறவர்களிடம் மருத்துவமனையார் என்ன சொல்வார்கள் என்பதையே திரும்பத் திரும்ப எண்ணினேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். என் சவக்குளியலின்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன்.

செலவு எவ்வளவு என்பதை எழுதுவது அழகல்ல. செய்யிது கீழே கவுன்டரில் கட்டிவிட்டு மேலே வருவான். இந்த கேன்டீன் சாயாவில் தேயிலையே இல்லை என்று குறைகூறுவான். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேச மாட்டான். ஆமினா கஞ்சி கொண்டுவந்து, கையுறையோடு ஊட்டுவாள். ஒருநாள் என் நெற்றியில் கைவைத்து ஓதத் தொடங்கி, நடுவில் நிறுத்தினாள்.

“ரப்பர் கையால தடவுனா ஓதுறது உள்ள எறங்குமாங்கோ?”

இறங்கும் என்றேன். அவள் நம்பாமல் இன்னொரு முறை ஓதினாள்.

சுமையாவின் குரல் தினமும் கைபேசியில் வந்தது. எங்கள் ஊரில் தந்தையை வாப்பா என்றும் பாட்டனாரை அப்பா என்றும் அழைப்போம். “அப்பா, நீங்க வந்துதான் இனிப்பு வைக்கணும். புள்ளைகிட்ட சொல்லிட்டேன், அப்பா வாறது வரைக்கும் அவசரப்படக் கூடாதுன்னு.” அதைக் கேட்டுவிட்டுப் படுக்க முடியாது. எழுந்து, மருந்துக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு, கதவுக்கும் ஜன்னலுக்கும் நடப்பேன். கதவில் மஞ்சள் தாள். ஜன்னலில் நிற்கும் கப்பல்கள். வீடு சேர்ந்து அந்தக் குழந்தையின் வாயில் இனிப்பு வைப்பேனா என்பது ஒன்றே அந்த நடைக்குள் இருந்த கேள்வி.

காய்ச்சல் ஒரு வழியாக இறங்கியது. கிரியாட்டினினும் திரும்பியது. விடைபெறும் நாளில் டாக்டர் ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோய் போய்விட்டது, ஆனால் கிருமி குடலில் எனக்குத் தொல்லை தராமல் பல மாதங்கள் தங்கியிருக்கக்கூடும் என்றார். கை கழுவுங்கள், துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிவாசலுக்குப் போகலாம், கைகுலுக்கலாம், யாரும் உங்களைக் கண்டு ஓட வேண்டியதில்லை என்றார்.

“பிறந்த குழந்தை?”

“கைய நல்லா கழுவிட்டுத் தூக்கலாம். வாயில மட்டும் எதுவும் வைக்க வேண்டாம். பச்சப் பிள்ள வயித்துல இன்னும் ஒரு கிருமியும் குடிவரல்ல ஐயா. முதல்ல போறது இதுவா இருக்கக் கூடாது.”

“எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.”

“தெரியும். அந்தக் காலத்துல எங்க கோயில்ல ஞானஸ்நானம் குடுக்கையில பிள்ள நாக்குல உப்பு வைப்பாவளாம். நீங்க இனிப்பு வைக்கிறிய.” நாற்காலியை இன்னும் அருகில் இழுத்தார். “அந்தப் பிள்ளைக்கு இது ரத்தத்துல ஏறுச்சுன்னா, உங்களுக்குக் குடுத்த மருந்தத் தவிர என் கைல ஒண்ணும் கிடையாது. அந்தக் கிட்னி அத தாங்காது.”

நான் நன்றி தெரிவித்துவிட்டுப் புறப்பட்டேன். வீடு திரும்பிய முதல் வேலையாக டப்பாவில் இருந்தவற்றை ஒரு பையில் கொட்டி, அந்த மருத்துவமனையின் மருந்தகத்திற்கே அனுப்பிவைத்தேன். இடம் தேவைப்படுகிறது என்று வீட்டாரிடம் காரணம் சொன்னேன்.

குழந்தை அவசரப்பட்டுவிட்டான். குறித்த நாளுக்கு முன்பே, நான் வீடு வந்த வாரத்திலேயே பிறந்தான். எடை குறைவு. ஆனால் மூச்சில் குறையில்லை என்று விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தகப்பன் துபாயில். பிரசவ அறைக்கு வெளியே, குழந்தையின் காதில் பாங்கு என்னும் தொழுகை அழைப்பைச் சொன்னவன் செய்யிது. இனிப்பை மட்டும் எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்த காலை நடு அறையில் உறவினர் அனைவரும் கூடியிருந்தார்கள். சுமையா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் குழந்தை. ஒரு சிறு தட்டில் பேரீச்சம்பழம். செய்யிது தட்டை என் முன் நீட்டினான்.

“பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பிங்கோ மச்சான். புள்ள உங்கள மாதிரி வரட்டும். வாய் மட்டும் என்ன மாதிரி வந்தாப் போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பழத்தை எடுத்தேன். ஆமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அவள் சொல்ல மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். மெல்வதுபோல் பாவனை செய்து, விரலைக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோய்த் திரும்பிவிடலாமா என்று எண்ணினேன். எவருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த குழந்தைக்கும், அதற்கடுத்த வீட்டுக்கும் தட்டு என்னிடமே வரும். ஒவ்வொரு முறையும் நடிக்க வேண்டும். ஒருநாள் விரல் படும்.

பழத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

“நான் வைக்கக் கூடாது” என்றேன். “எனக்கு வந்தது வெறும் நீர்க்கடுப்பு இல்ல. ஜமால் அனுப்புன எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமி. நோய் போயிடுச்சு. கிருமி இன்னும் என் வயித்துல ஈக்கலாம். புள்ள வாயில என் கை படக் கூடாது.”

வெளியே முடுக்கில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள்.

“ஆஸ்பத்திரிக்காரன் ஆயிரம் சொல்லுவான் மச்சான்” என்றான் செய்யிது. அவன் குரல் தாழ்ந்திருந்தது. எல்லாத் தேநீரையும் கீழே நின்று வாங்கிக் கொடுத்தவனிடம்கூட நான் மறைத்தேன் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பிறகு தட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “சரி. அப்ப நான் வைக்கிறேன். நான் இந்த வீட்டுப் புள்ள. எனக்கு ஒரு நோயும் கெடையாது.”

அவன் பழத்தை எடுத்தபோது ஆமினா முதல் முறையாக வாய் திறந்தாள்.

“போன நோம்புல நெஞ்சுச் சளின்னு சொல்லி அந்த நீல டப்பாவ பாதி காலி பண்ணுனது யாருலா?”

“அது... ரெண்டு நாள்தான் தின்னேன். மீதிய நல்லபடியா திருப்பித் தந்துட்டேனே.”

“அதத்தான் நானும் தின்னேன்” என்றாள் மூலையிலிருந்த ஒரு மைனி, மெதுவாக. “காது வலிக்கு.”

“எனக்குப் பல்லுக்கு” என்றாள் என் மகள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்பது சோதித்தால்தான் தெரியும், இல்லாமலும் இருக்கலாம் என்று நான் சொன்னேன். அது யாருக்கும் ஆறுதலாக இல்லை. அந்த அறையில் என் கையெழுத்து ஒட்டிய அட்டையிலிருந்து விழுங்காத வாய் ஒன்றுகூட இல்லை. எந்தக் கௌரவத்தைக் காக்க இத்தனை நாள் வாய்மூடி இருந்தேனோ, அதே கௌரவத்தை நம்பித்தான் அவர்கள் அனைவரும் என்னிடம் வந்து கைநீட்டியிருந்தார்கள். செய்யிது பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு, விரல்களைச் சட்டையில் துடைத்தான்.

“சுடுதண்ணி கொண்டு வாங்கோ உம்மா” என்றாள் சுமையா தன் தாயிடம். “நானே வைக்கிறேன். எப்படியும் என் பாலத்தானே குடிக்கிறான்.”

கொதித்து ஆறிய நீரில் பழத்தை ஊறவிட்டார்கள். அவள் சோப்பிட்டுக் கைகழுவி, கரைந்த நீரில் விரல்நுனியைத் தோய்த்து, குழந்தையின் வாய்க்குள் தொட்டாள். அவன் முகத்தைச் சுளித்தான். பிறகு அந்த விரலைப் பற்றிக்கொண்டு சப்பினான். பெண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். அந்த வீட்டில் மெல்லப்படாத பழத்தால் இனிப்பு வைக்கப்பட்ட முதல் குழந்தை அவன். யாருடைய குணம் அவனுக்கு வரும் என்று எவரும் கேட்கவில்லை.

“அப்பா, தூக்குங்கோ” என்றாள் சுமையா.

பின்கட்டுக்குப் போய் முழங்கைவரை கழுவினேன். போதாதென்று தோன்றி மறுபடியும் கழுவினேன். செய்யிது புதுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றான். திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தேன். அவளே குழந்தையை என் முன்கையில் கிடத்தினாள். எடை இருப்பதாகவே தெரியவில்லை. இனிப்பின் ருசி இன்னும் உதட்டில் இருந்ததோ என்னவோ, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி எதையோ தேடினான். பிறகு, வாயைத் திறந்தபடி, என் கைப்பக்கமாகத் திரும்பினான்.

விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். அவன் தேடி ஓயும்வரை அப்படியே வைத்திருந்தேன்.